சிறுபான்மை உரிமை யாருக்காக? எல்.கே.ஜி. சேர்க்கையும் நம் பள்ளிக்கூடங்களும்





தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் தொடங்கி ஒருபுறம் குரோம்பேட்டை, பல்லாவரம் வரையிலும், மறுபுறம் வண்டலூர், கூடுவாஞ்சேரி வரையிலும் பரந்து கிடக்கும் நம் ஜமாஅத்துகளில், ஜனவரி பிறந்துவிட்டால் ஜும்ஆ தொழுகைக்குப் பின் நடைபெறும் உரையாடல் ஒன்றே ஒன்றுதான். எந்தப் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்? நேர்காணலில் தாயிடம் என்ன கேட்கிறார்கள்? எவரைக் கொண்டு சொல்லவைத்தால் இடம் உறுதி? மூன்றரை வயதுக் குழந்தையின் பொருட்டு, கல்யாணச் சம்பந்தம் பேசுவதினும் மிகுதியான தூதும் தந்திரமும் நடைபெறுகின்றன.

அவ்வுரையாடலில் மூன்று வகையான முறையீடுகளை ஆண்டுதோறும் கேட்டுவருகிறேன். முழுக் கட்டணம் செலுத்தும் தந்தை, "நான் கடன் வாங்கிக் கட்டுகிறேன், பக்கத்து இருக்கைப் பிள்ளை இலவசமாகப் படிக்கிறது, இது என்ன நியாயம்?" என்கிறார். ஆட்டோ ஓட்டும் மற்றொரு தந்தை, "உண்மையான வருமானச் சான்றிதழ் வைத்தும் எனக்குக் கிடைக்கவில்லை, கார் வைத்திருப்பவர் பொய்ச் சான்றிதழ் வைத்துப் பெற்றுக்கொண்டார்" என்கிறார். மூன்றாமவர் இருவரையும் தட்டிக்கொடுத்து, "அரசுப் பள்ளியில்தான் இப்போது எல்லாம் நன்றாயிருக்கிறதே, ஏழைகள் அங்கே போகலாமே" என்று சொல்லிவிட்டு, தம் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றி அனுப்புகிறார்.

மூன்று முறையீடுகளிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மூவருமே தொடாமல் விட்டுவிடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. நம் சமுதாயத்தவர் நடத்தும் பள்ளிக்கூடங்களில் ஏழைக்கு எத்தனை இடம்? அதைப் பற்றியே இங்கு எழுதப்போகிறேன். சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லியாக வேண்டும்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். நம்மில் பெரும்பாலோர் அதைச் செவிவழியாகவே அறிந்திருக்கிறோம்.

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பெற்று, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12(1)(இ) பிரிவின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை, அருகில் வாழும் நலிந்த பிரிவினர் மற்றும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்கி, எட்டாம் வகுப்பு வரை கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும். அக்கட்டணத்தை அரசு திருப்பிச் செலுத்தும். அரசுப் பள்ளியில் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு, அப்பள்ளியின் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு. தமிழ்நாட்டில் நலிந்த பிரிவினர் என்போர் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைந்தோர். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் அடங்குவர். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி முஸ்லிம், ஷேக், சையத் ஆகியோர் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம் பட்டியலில் இருப்பதால், நம் குழந்தைகளில் பெரும்பாலோர் விண்ணப்பிக்கத் தகுதியுடையோரே. ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் குடியிருக்க வேண்டும். விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகுந்தால் குலுக்கல் முறையில் தேர்வு.

அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் பற்றிப் பேசுவோர் அரிது. நன்கொடை வாங்கக் கூடாது. குழந்தையையோ பெற்றோரையோ எவ்விதத் தேர்வுக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது அப்பிரிவு. நன்கொடை வாங்கினால் அதன் பத்து மடங்கு வரை அபராதம். நேர்காணல் வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதன் பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். தாயின் பட்டத்தையும் தந்தையின் பதவியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளும் அந்தச் சிறிய அறை இருக்கிறதே, அது சட்டத்தின் கண்ணில் குற்றம் நிகழும் இடம்.

இனி நம் விஷயம். 2012-இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தது. 2014 மே 6 அன்று பிரமதி அறக்கட்டளை வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, உதவி பெறுவதாயினும் பெறாததாயினும் எந்தச் சிறுபான்மைப் பள்ளிக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று கூறிவிட்டது. இருபத்தைந்து விழுக்காடு மட்டுமன்று, முழுச் சட்டமும். ஆகவே இன்று ஒரு முஸ்லிம் அறக்கட்டளை நடத்தும் மெட்ரிகுலேஷன் பள்ளி, பக்கத்துத் தெருவிலுள்ள ஏழை முஸ்லிமின் குழந்தைக்கு ஓர் இடமும் ஒதுக்காமல் இருந்தாலும், இச்சட்டத்தின்படி அது குற்றமன்று. பெற்றோரை நேர்காணல் செய்தாலும் இச்சட்டத்தின்படி குற்றமன்று.

இதன் விளைவைச் சற்று நின்று நோக்குங்கள். நம் பகுதியில் சுமை தூக்கும் ஒரு முஸ்லிமின் மகளுக்கு, மாற்று மதத்தவர் நடத்தும் பள்ளிக்கூடத்தில் குலுக்கலில் இடம் பெறும் உரிமை இருக்கிறது. வாசலில் ஸலாம் கூறி வரவேற்று, சுவரில் குர்ஆன் வசனம் எழுதி, காலைக் கூட்டத்தில் ஃபாத்திஹா ஓதும் நம் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அவ்வுரிமை இல்லை. அங்கே அவளுக்கு இருப்பது தாளாளரின் கருணை மட்டுமே. கருணை சில நேரம் பாய்கிறது. சில நேரம் கட்டண நிலுவைக்காகக் குழந்தையை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறது.

எல்லா நிர்வாகங்களையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஓசையின்றி எத்தனையோ யத்தீம்களைப் படிக்கவைக்கும் தாளாளர்களை நான் அறிவேன். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் ஒருவரின் நல்ல மனத்தை நம்பியிருக்கும் ஏற்பாட்டுக்கு நீதி என்று பெயரிட இயலாது. அவர் மவுத்தான பின் என்னவாகும்?

தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் நாடு முழுவதுமுள்ள சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அப்பள்ளிகளில் பயிலும் மாணவர்களுள் 62.5 விழுக்காட்டினர் சிறுபான்மையினர் அல்லாதோர். சமூக, பொருளாதார நிலையில் நலிந்தோர் 8.76 விழுக்காட்டினர் மட்டுமே என்றது அவ்வறிக்கை. அந்த ஆணையத்தின் உள்நோக்கத்தைப் பற்றி நமக்கு ஐயம் இருக்கலாம், எனக்கும் உண்டு. அந்த எண்கள் எல்லாச் சிறுபான்மையினருக்கும் பொதுவானவை, முஸ்லிம்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதும் மெய். ஆயினும் எதிரி நம் சட்டையில் அழுக்கிருப்பதாகச் சுட்டிக்காட்டினால், எதிரி என்பதற்காக அழுக்கு இல்லாமற் போய்விடாது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சரித்தன்மை குறித்தே ஐயம் எழுப்பி, அதனைப் பெரிய அமர்வின் ஆய்வுக்கு விடுக்கும்படி தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. சட்டத்திலிருந்து தப்புவதற்கான வழியாகவே சிறுபான்மைத் தகுதி ஆகிவிட்டதோ என்னும் கவலையும் அதில் வெளிப்பட்டது. நாளை பெரிய அமர்வு எவ்வாறு தீர்ப்பளித்தாலும், ஒன்று நிச்சயம். நீதிமன்றம் கழுத்தைப் பிடித்த பின் ஏழைக்குக் கதவைத் திறந்தால், அதில் நமக்கு நன்மையும் இல்லை, மரியாதையும் இல்லை.

இங்கே ஒரு நண்பர் கோபிப்பார். "ஹஜ்ரத், அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு நமக்குக் கிடைத்த கேடயம். அதையே நீங்கள் துளையிடுகிறீர்களே!" என்பார். இல்லை. அந்தக் கேடயத்தை ஒருவரும் தொடக் கூடாது என்பதே என் நிலையும். நம் பள்ளிக்கூடத்தில் எதை எவ்வாறு கற்பிப்பது, யாரை ஆசிரியராக வைப்பது என்பதில் அரசு தலையிட ஆரம்பித்தால் அதன் முடிவு எங்கே என்பதை நாம் அறிவோம். ஆனால் கேடயம் எவருக்காக வழங்கப்பட்டது? பின்தங்கிய ஒரு சமுதாயம் தன் குழந்தைகளைத் தானே கைதூக்கி விட்டுக்கொள்வதற்காக. தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தை 1902-இல் தொடங்கியோரும், வாணியம்பாடியிலும் திருச்சியிலும் கல்லூரி கட்டியோரும், தோல் வியாபாரத்தில் ஈட்டியதை எடுத்து வைத்தது ஏன்? வசதியானோரின் பிள்ளைகளுக்குக் குளிரூட்டப்பட்ட வகுப்பறை அமைப்பதற்காகவா? உரிமையை அதன் நோக்கத்துக்குப் பயன்படுத்துவோரே அதைக் காப்பவர்கள். தவறாகப் பயன்படுத்துவோர்தாம் அதைப் பறிகொடுக்கச் செய்பவர்கள்.

அபஸ அத்தியாயத்தின் தொடக்கத்தை நாம் எல்லோரும் ஓதியிருக்கிறோம். மக்கத்துக் குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் மார்க்கத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்றுக்கொள்ள வேண்டி வருகிறார். பேச்சின் இடையே அவர் குறுக்கிட்டதால் நபியவர்களின் முகம் சுருங்கியது. அதற்காக வஹீ இறங்கியது. செல்வாக்குடையோரின் மீது கவனம் சென்று, அறிவைத் தேடி ஓடிவந்த எளியவரின் மீதிருந்து கவனம் விலகியதை அல்லாஹ் கண்டித்தான். அத்தனைக்கும் நபியவர்களின் நோக்கம் தூயது. அத்தலைவர்கள் இஸ்லாத்துக்கு வந்தால் மக்கா முழுவதும் வரும் என்பதே அது. அத்தகைய தூய நோக்கத்துக்கே கண்டிப்பு என்றால், கட்டண வசூலை உத்தேசித்து நாம் முகம் திருப்பிக்கொள்வதற்கு என்ன பதில் சொல்வோம்? அந்தக் கண் தெரியாதவரையே பிற்காலத்தில் நபியவர்கள் மதீனாவின் பொறுப்பாளராக, ஒருமுறையன்று, பலமுறை நியமித்துச் சென்றார்கள். நம் நேர்காணல் அறைக்கு அவர் வந்திருந்தால் தேறியிருப்பாரா?

பத்ருப் போரின் கைதிகளை நினைவுகூருங்கள். ஈட்டுத்தொகை செலுத்த வழியற்ற, எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள், மதீனாவின் குழந்தைகளுள் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்தால் விடுதலை என்று அறிவிக்கப்பட்டது. போரிட வந்தோரின் கல்வியைக்கூடச் சொந்தக் குழந்தைகளுக்கு வாங்கிக்கொடுத்த சமுதாயம் நம்முடையது. அன்று எந்தத் தகப்பனின் வருமானமும் விசாரிக்கப்பட்டதாக வரலாற்றில் இல்லை.

*பணத்துக்கு என்ன வழி?*

நிர்வாகிகளின் நியாயமான கேள்வி இதுவே. சட்டத்தின் கீழ் வராத பள்ளிக்கு அரசு பணம் தராது. சட்டத்தின் கீழ் வரும் பள்ளிகளுக்கே அது உரிய காலத்தில் வருவதில்லை. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையொப்பமிடவில்லை என்ற காரணத்தால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. அதன் பழி 2025-இல் நான்கு வயதுக் குழந்தைகளின் தலையில் விழுந்தது. ஏப்ரலில் திறக்க வேண்டிய இணையதளம் திறக்கவில்லை. ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியை வேறு திட்டத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று கூறியது. அக்டோபரில்தான் சேர்க்கை அறிவிக்கப்பட்டது. அதுவும் அவ்வாண்டு ஏற்கெனவே பள்ளியில் சேர்ந்திருந்த குழந்தைகளிலிருந்து. ஜூன் மாதத்தில் கட்டணம் செலுத்திச் சேர்க்க முடியாத பரம ஏழைக்கு அந்த ஆண்டு சட்டம் என்ற ஒன்று இருந்ததா இல்லையா என்பதே தெரியாது. இரு அரசுகளும் மோதிக்கொண்டன. மிதிபட்டது எவரென்று இருவருமே குனிந்து பார்க்கவில்லை.

ஆதலால் அரசை நம்பாமலே கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்.கே.ஜி.யில் 40 இடம் உள்ள ஒரு பள்ளிக்கூடம். ஆண்டுக் கட்டணம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கில் ஒரு பங்கு 10 குழந்தைகள். 3 லட்சம் ரூபாய். எல்.கே.ஜி. முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து வகுப்புகள் நிரம்பும் ஆண்டில் 100 குழந்தைகள், 30 லட்சம். சிறிய தொகையன்று. ஆனால் இது ஒரே நாளில் வருவதில்லை. ஆண்டுக்கு 3 லட்சமாகப் பத்தாண்டுகளில் ஏறுகிறது. ஏற்கெனவே ஆசிரியர் சம்பளமும் கட்டடமும் இருக்கிற வகுப்பில் கூடுதலாக அமரும் குழந்தைக்கு முழுக் கட்டண அளவுக்குச் செலவாவதும் இல்லை. ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜகாத் கொடுக்கும் 300 குடும்பங்கள் இருந்தால் அந்த உச்ச அளவும் நிறைவேறிவிடும். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சியானது. அப்பரப்பிலுள்ள ஜமாஅத்துகள் அனைத்தும் கைகோத்தால் முந்நூறு குடும்பங்கள் தேறாதா? ரமளானில் ஜகாத்தை ஐநூறு ஐநூறாகப் பிரித்து, வாசலில் வரிசை நிறுத்திக் கொடுப்பதைவிட, ஒரு குழந்தையின் பத்தாண்டுக் கல்வியை ஏற்றுக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஃபிக்ஹு சார்ந்த ஒரு நுட்பத்தை இங்கு கூறியாக வேண்டும். கவனக்குறைவால் ஜகாத் நிறைவேறாமல் போய்விடக் கூடாது. ஜகாத் பொருள் தகுதியுடைய ஏழையின் உடைமையாக ஆக்கப்பட வேண்டும். பள்ளிக்கூடக் கட்டடத்துக்கோ, பேருந்து வாங்கவோ அதைச் செலவிட்டால் நம் நாட்டில் வழங்கும் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்தின்படி செல்லாது. தகுதியுள்ள தந்தையிடம் தொகையை ஒப்படைத்து அவர் கட்டணம் செலுத்தட்டும். அல்லது அவர் தம் சார்பில் பெற்றுச் செலுத்த ஒருவருக்கு வகாலத் கொடுக்கட்டும். முஸ்லிமல்லாத ஏழை அண்டை வீட்டாரின் குழந்தைகளுக்கு ஜகாத்திலிருந்து கொடுக்காமல், ஸதகா, லில்லாஹ் நிதியிலிருந்து கொடுக்கலாம். அவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். அண்டை வீட்டாரின் உரிமை பற்றிய ஹதீஸ்கள் மதத்தைப் பார்த்து வரம்பிட்டவை அல்ல.

*"தரம் குறைந்துவிடும்" என்ற வாதம்*

ஏழைக் குழந்தைகள் வந்தால் வகுப்பின் தரம் குறையும் என்று கூசாமல் சொல்கிறார்கள். மிக நயமாக, "அந்தப் பிள்ளைகளுக்கே தாழ்வு மனப்பான்மை வந்துவிடும், அவர்கள் நன்மைக்காகத்தான்" என்று சொல்வோரும் உண்டு. வேனும் சீருடையும் பிறந்தநாள் கேக்கும் போட்டிப் பொருளாகிவிட்ட வகுப்பறையில் தாழ்வு மனப்பான்மை வரும் என்பது உண்மையே. அதற்கு மருந்து கேக்கை நிறுத்துவது. குழந்தையை நிறுத்துவதன்று.

தரம் என்று எதைக் கூறுகிறோம்? மாலை நேர மக்தபில் எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்கிறார்கள். சி.பி.எஸ்.இ., மெட்ரிகுலேஷன், மாநகராட்சித் தொடக்கப்பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்ற வேற்றுமை அங்கே செருப்போடு வெளியே நின்றுவிடும். அதனால் எவர் எதைக் கற்றிருக்கிறார் என்பதை நேரில் காணும் வாய்ப்பு என்னைப் போன்ற உஸ்தாதுகளுக்கு உண்டு. ஆண்டுக்கு லட்ச ரூபாய் செலுத்திப் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை, ஆங்கிலத்தில் சரளமாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. தாம்பரம் பேருந்து நிலையத்தில் தமிழ்ப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டுகிறது. எதையும் ஒருமுறை ஓதிக்காட்டினால் ஒப்புவிக்கிறது. பொருள் கேட்டால் விழிக்கிறது. மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குப் பின், கதைப் புத்தகத்தைத் தானாக எடுத்து வாசிக்கிறது. இதை எல்லா அரசுப் பள்ளிக்கும் பொதுவாக்கி மகிழ முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான்காம் வகுப்பு வந்தும் தன் பெயரை எழுதத் திணறும் பிள்ளைகளும் அதே பாயில் உண்டு. ஓராசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளியில் வேறு என்ன நடக்கும்?

ஆகவே "அரசுப் பள்ளிக்குப் போகலாமே" என்று ஏழைக்கு அறிவுரை கூறும் சகோதரருக்கு ஒரு வேண்டுகோள். காலை உணவு கொடுக்கிறார்கள், ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு, பெண் பிள்ளைக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. எல்லாம் உண்மை. முதலில் தங்கள் பிள்ளையைச் சேருங்கள். வசதியும் வாய்ச்சொல்லும் உடைய பத்துத் தகப்பன்மார் பள்ளி மேலாண்மைக் குழுவில் அமர்ந்து கேள்வி கேட்டால், அந்தப் பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியர் வரும் வாய்ப்பும் கூடும். அதைச் செய்ய மனமில்லையெனில், அறிவுரையையும் தங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தின் தரம் ஆசிரியரிடம் இருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் தொடக்க வகுப்பு ஆசிரியைக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கிறோம் என்று எந்தப் பெற்றோராவது கேட்டதுண்டா? கட்டட வேலைக்கு வரும் கொத்தனாரின் மாத வருமானத்தில் பாதிகூட வாங்காத ஆசிரியைகள் இருக்கிறார்கள். அவர் அடுத்த ஆண்டு வேறிடம் போய்விடுகிறார். பிள்ளைக்கு ஆண்டுக்கு ஓர் ஆசிரியை. இந்தத் தரக் குறைவுக்கு எந்த ஏழைக் குழந்தை காரணம்?

*பெற்றோர்களே, உங்களிடமும்*

நிர்வாகங்களை மட்டும் குறை கூறிவிட்டு எழுந்து போக இயலாது. ஆட்டோ ஓட்டும் அந்தச் சகோதரரின் முறையீட்டுக்கு விடை பெற்றோர்களிடம்தான் இருக்கிறது. 2 லட்சத்துக்குக் குறைந்த வருமானம் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழ் பெற்றுக்கொண்டு, பிள்ளையைக் காரில் கொண்டுவந்து இறக்குவோர் நம்மிலும் உண்டு. ஒரு கிலோமீட்டருக்குள் வரவேண்டும் என்பதற்காக உறவினர் வீட்டு முகவரிக்குப் பொய்யான வாடகை ஒப்பந்தம் எழுதுவோரும் உண்டு. அரசைத்தானே ஏமாற்றுகிறோம் என்பது அவர்கள் சமாதானம். அரசின் கஜானாவிலிருந்தா அந்த இடம் வருகிறது? அடுத்த தெருவில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும் விதவையின் பிள்ளையிடமிருந்து வருகிறது. பெரும்பாவங்களை எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்த நபி (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து அமர்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்பக் கூறினார்கள். நிறுத்திவிட மாட்டார்களா என்று ஸஹாபாக்கள் எண்ணும் அளவுக்கு. பொய்ச் சான்றிதழ் என்பது முத்திரை குத்திய பொய்ச் சாட்சியமேயன்றி வேறில்லை. அந்த இடத்தில் அமர்ந்து உங்கள் பிள்ளை முதன்முதலில் கற்பது அலிஃபும் அல்ல, அகரமும் அல்ல.

சிபாரிசையும் இதோடு சேர்த்தே எண்ணுங்கள். உயர்குலத்துப் பெண் ஒருத்தி திருடியபோது, நபியவர்களின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களே பரிந்து பேச வந்தார்கள். அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. ஒருவருக்கு உரியதைப் பெற்றுத்தரப் பேசுவது நற்பரிந்துரை. மற்றவருக்கு உரியதை இவருக்குத் திருப்பிவிடப் பேசுவது தீயது. சேர்க்கைக் காலத்தில் நம் முத்தவல்லிகளின் கைப்பேசி ஓயாமல் ஒலிக்கிறதே, அந்த அழைப்புகளை இவ்விரண்டில் ஒன்றாக அவர்களே பிரித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

"குலுக்கல் சூதாட்டம் ஆகாதா?" என்று பேணுதலுள்ள சிலர் கேட்கிறார்கள். ஆகாது. பணயம் வைத்து, ஒருவர் இழக்க மற்றவர் பெறுவது சூது. சம உரிமையுடைய பலர் இருந்து, இடம் குறைவாக இருக்கும்போது எவருக்கும் மனவருத்தம் இல்லாமல் தீர்க்கும் வழியே குர்ஆ. மர்யம் (அலை) அவர்களைப் பொறுப்பேற்பது யார் என்பதை எழுதுகோல்களை எறிந்தே தீர்மானித்தார்கள் என்பதைக் குர்ஆன் கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது உடன்வரும் மனைவியைச் சீட்டுப் போட்டே தேர்ந்தெடுத்தார்கள். பெயர் தெரியாத சீட்டுக்கு முன் செல்வந்தனும் எளியவனும் ஒன்று. நேர்காணலைவிடக் குலுக்கல் ஷரீஅத்துக்கு நெருக்கமானது என்று ஒரு மதரஸா ஆசிரியன் சொன்னால், அது விநோதமாகத் தோன்ற வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதன்று. நம் பகுதியில் நம்மவர் நடத்தும் பள்ளிக்கூடங்கள் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கை, சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், ஒதுக்கட்டும். எத்தனை இடம் என்பதை ஏப்ரலுக்கு முன் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அஸர் தொழுகைக்குப் பின் எல்லோர் முன்னிலையிலும், ஒரு குழந்தையின் கையால் சீட்டெடுக்கட்டும். நேர்காணலைக் கைவிடட்டும். சட்டம் எட்டாம் வகுப்போடு கைவிட்டுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் திடீரென முழுக் கட்டணம் கேட்டதால் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் உண்டு. நாம் பன்னிரண்டாம் வகுப்பு வரை கைவிடாமல் இருக்கலாம்.

இந்தச் சேர்க்கைக் காலத்தில் நம் பள்ளிக்கூடம் ஒன்றில் விண்ணப்பம் வாங்கச் செல்லும் பெற்றோர், தம் பிள்ளைக்கு இடம் கேட்கும் முன், அலுவலக மேசையில் இருப்பவரிடம் ஒன்று கேளுங்கள். இந்த ஆண்டு ஏழைகளுக்கு எத்தனை இடம், அதை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறீர்கள்? அவரிடம் பதில் இல்லையென்றால் தாளாளரின் பெயரையும், அறக்கட்டளை நிர்வாகக் குழு கூடும் தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜும்ஆவில் அவர்களுள் ஒருவராவது உங்கள் ஸஃப்பிலேயே நிற்பார்.